ஃப்ரிட்ஜின் முதுகில் ஒரு ஒப்பந்தம்

போன வாரம் ஃப்ரிட்ஜை நகர்த்தித் துடைத்தபோது பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று போட்டிருந்தது. ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கும் ஐசோபியூட்டேன் வாயுவின் குறியீடு அது. லைட்டரில் இருக்கும் வாயுவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதுவும் சில பத்து கிராம்தான்.

1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் அப்போது ஃப்ரிட்ஜுகளில் இருந்த, ஓசோனைத் தின்னும் சிஎஃப்சி வாயுக்களைக் குறைக்கச் சொன்னது. சரி, மாற்றை யார் தருவது, யார் காசில்? இதைக் கேட்டுத்தான் இந்தியாவும் சீனாவும் சேராமல் வெளியே நின்றன. 1990-ல் லண்டனில், பணக்கார நாடுகள் பணம் போடும் ஒரு நிதிக்கு ஒப்புக்கொண்ட பிறகே சீனா 1991-லும் நாம் 1992-லும் உள்ளே வந்தோம். வீம்பு என்பவர்கள் இருக்கலாம், எனக்கு நியாயமான பேரமாகத்தான் படுகிறது.

பணம் வந்தாலும் தொழில்நுட்பம் தானாக வந்துவிடாது. சிஎஃப்சிக்கு மாற்றாக வந்த எச்எஃப்சி-134ஏ ஓசோனை விட்டுவைத்தது, ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது, போதாக்குறைக்குக் காப்புரிமைத் தொல்லை வேறு. ஐசோபியூட்டேன் ஃப்ரிட்ஜை 1990-களின் தொடக்கத்தில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் ஒரு பழைய கிழக்கு ஜெர்மன் ஆலையும் சேர்ந்து செய்தார்கள், காப்புரிமைப் பூட்டு போடாமல் யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் கேஸ் நிரப்ப வந்த மெக்கானிக் தம்பி ஸ்டிக்கரைப் பார்த்ததுமே, "அண்ணே, முதல்ல ஜன்னலைத் திறங்க" என்றான்.