சின்னப் பிள்ளைகளும் கடலும்: விளையாட்டாகச் சொல்லித்தரச் சில வழிகள்

ஐந்து வயதுக் குழந்தையிடம் கடல் அழிந்துகொண்டிருக்கிறது என்று சொல்வதால் பயன் எதுவும் இல்லை என்பது என் கருத்து. அந்தச் செய்தி அச்சத்தைத்தான் தரும். அச்சம் புகுந்த குழந்தை கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். மழலை வகுப்புப் பிள்ளைகளோடு பழகி வரும் நான், எந்தச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: ஒரு காரணமும் அதன் விளைவும் குழந்தையின் கைக்கெட்டும் தூரத்திலேயே நடந்து முடிய வேண்டும். அறிவுரை அதற்குப் பிறகு வந்தால் போதும். பல நேரங்களில் அதற்குத் தேவையே இருப்பதில்லை.

முதலில் கடல்வாழ் உயிர்கள் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போக வேண்டும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உண்டு, அதன் இரத்தம் நீல நிறம், கடற்குதிரைகளில் குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமப்பது அப்பாதான் என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு எழுந்து நின்றுவிடும்.

எண்ணெய்க் கசிவைப் பற்றிய விளையாட்டுக்கே பிள்ளைகளிடம் வரவேற்பு அதிகம். அகன்ற பாத்திரம் ஒன்றில் நீரை நிரப்பி, மேலே சிறிது சமையல் எண்ணெயை ஊற்றி, பஞ்சு, கரண்டி, காகிதம் ஆகியவற்றைக் கொடுத்து, 'இந்த எண்ணெயை வெளியே எடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கரண்டியால் அள்ளினால் எண்ணெயைவிட நீரே அதிகம் வருகிறது. பஞ்சு ஓரளவு உறிஞ்சுகிறது, ஆனால் எடுக்க எடுக்க ஓரத்தில் பொன்னிற வட்டங்கள் மிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டால், எண்ணெய் சட்டென விலகி ஓடுவதைக் கண்டு கைதட்டுவார்கள். கலக்கிக் காட்டினால், எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து நீரெங்கும் பரவியிருக்கிறதே தவிர, எங்கும் போய்விடவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். பிறகு உதிர்ந்த இறகு ஒன்றைக் காட்டலாம். முதலில் அதன்மேல் நீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டோடும்; எண்ணெயில் தோய்த்து எடுத்தால், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, இறகு ஈரக் குச்சிபோல் சுருங்கிவிடும். நீர் உள்ளே புகாமல் காக்கும் அடுக்கு குலைந்துவிட்டதால் பறவைக்குக் குளிரெடுக்கும் என்பதையும், அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும் என்பதையும் அந்த இறகைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம். விளையாட்டு முடிந்ததும் மிஞ்சிய எண்ணெயைப் பழைய காகிதத்தால் ஒற்றியெடுத்துக் குப்பையில் போடுவதையும் பிள்ளைகளே செய்யட்டும். அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு இந்தப் பாடத்தை நடத்துவதில் பொருளில்லை.

ஞெகிழிப் பையைப் பற்றிச் சொல்வதற்கு நீளமான ஏற்பாடு தேவையில்லை. ஒளி ஊடுருவும் பை ஒன்றை வாளி நீரில் மெல்ல அசையவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னால், ஜெல்லி மீன் என்று ஒரு குழந்தையாவது கூவும். கடலாமைகளில் மிகப் பெரியதான ஏழுவரி ஆமையின் முக்கிய உணவே ஜெல்லி மீன்தான் என்று சொன்னால், மிச்சத்தைக் குழந்தைகளே பேசி முடித்துவிடுவார்கள்.

ஓடியாட விரும்பும் பிள்ளைகளுக்கு ஆமைக்குஞ்சு விளையாட்டு ஏற்றது. ஆமைக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் முட்டையிலிருந்து வெளிவந்து, வெளிச்சம் கூடுதலாகத் தெரியும் அடிவானத்தை நோக்கித் தவழ்கின்றன. இயற்கையான கடற்கரையில் அது கடல் இருக்கும் திசை. அறையை மங்கலாக்கி, ஒரு மூலையில் சிறு டார்ச்சைக் கடலாக வைத்து, பிள்ளைகளை அதை நோக்கித் தவழச் சொல்ல வேண்டும். அடுத்த சுற்றில் எதிர் மூலையில் பெரிய விளக்கைப் போட்டு, வெளிச்சம் அதிகமுள்ள பக்கமே போக வேண்டும் என்பதுதான் விதி என்று நினைவூட்டினால், எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தவழ்வார்கள். எந்த விளக்கை அணைக்கலாம் என்ற யோசனை அவர்களிடமிருந்தே வரும்.

கடலில் எறிந்த பொருள் எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது. 1992 ஜனவரியில் வட பசிபிக் கடலில் புயலில் சிக்கிய சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து கொள்கலன்கள் கவிழ்ந்து, ஏறத்தாழ 28,800 குளியல் பொம்மைகள் நீரில் மிதந்தன: மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு நீர்நாய் போன்ற பீவர். அதே ஆண்டு நவம்பரில் அலாஸ்காவின் சிட்கா பகுதியில் அவை கரையொதுங்கத் தொடங்கின. கர்டிஸ் எப்ஸ்மேயர் என்ற கடலியலாளர் அவை ஒதுங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு கடல் நீரோட்டங்களை ஆராய்ந்தார். உலக வரைபடத்தை விரித்து, பொம்மைகள் போன வழியை விரலால் தடவச் சொன்ன பிறகு, ஒரு தட்டு நீரில் காய்ந்த இலைத் துணுக்குகளைப் போட்டு ஓரமாக ஊதிவிட்டால், அவை விளிம்பை ஒட்டிச் சுற்றி வருவதைப் பார்க்கலாம். காற்று நீரைத் தள்ளுகிறது, நீர் பொருளைச் சுமக்கிறது. இந்த வயதுக்கு அவ்வளவு போதும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கடலைக் காப்போம் என்ற தலைப்பில் மினுமினுப்புத் தூளையும் புத்தம்புதிய ஞெகிழித் தாள்களையும் வாங்கிக் குவித்து மீன் பொம்மை செய்யும் வழக்கம் எனக்கு ஒப்புவதில்லை. அந்தத் தூளில் பெரும்பகுதி ஞெகிழிதான். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள் என்பதால், அதுவே நுண்ஞெகிழி. பழைய அட்டையில் செய்த மீனும் நன்றாகவே நீந்துகிறது.

ஏழெட்டு வயதானவர்களுக்கு மட்டும் வினிகர் சோதனையை வைத்துக்கொள்வேன். முட்டையோட்டை வினிகரில் போட்டதும் குமிழிகள் எழும். மறுநாள் ஓடு மெலிந்து கரைந்திருக்கும். சிப்பி, பவளம் ஆகியவற்றின் ஓடும் அதே கால்சியம் கார்பனேட்டால் ஆனது. காற்றிலுள்ள கரியமில வாயு கூடுதலாகக் கரையும்போது கடல்நீரின் இயல்பு மாறி, அவை ஓட்டைக் கட்டிக்கொள்வது கடினமாகிறது. ஆனால் கடல்நீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) இன்றும் 8.1 அளவில், காரத்தன்மையோடுதான் இருக்கிறது என்பதையும், வினிகர் அதைவிடப் பன்மடங்கு கடுமையானது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, கால் கரைந்துவிடும் என்று குழந்தை அலையில் இறங்க மறுத்துவிடும்.