தோட்டத்துத் தொட்டியில் மூச்சுக் கணக்கு

கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். கிணற்றடியில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஜிலேபி மீனும் அடுத்த தொட்டியில் விரால் மீனும் விட்டு, அவை மூச்சுவிடுவதை எண்ணி வருகிறேன். ஒரு வெப்பமானி, கைபேசிக் கடிகாரம், நோட்டு: இவைதான் கருவிகள்.

செவுள் மூடி ஒருமுறை திறந்து மூடினால் ஒரு மூச்சு. நகராமல் நிற்கும் மீனைத் தேர்ந்து முழு நிமிடம் எண்ண வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் மிரண்டுவிடும், எண்ணிக்கையும் ஏறிவிடும். சூரியனைப் பார்த்து நின்றால் நிழல் முதுகுப் பக்கம் போய்விடுகிறது.

வெயில் ஏறாத காலையில் தண்ணீர் 25 டிகிரி. ஜிலேபியின் மூச்சு 70-ஐ ஒட்டி இருந்தது. பிற்பகலில் 32 டிகிரி, 100-ஐத் தாண்டியது. மீனுக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் மீனின் உடலோ கூடுதலாகக் கேட்கிறது.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மில்லிலிட்டர் கிடைத்தாலே அதிகம். இந்த வறுமையைச் செவுள் சமாளிக்கும் விதம்தான் என்னை இதில் கட்டிப்போட்டது. செவுள் இதழ்களில் தண்ணீர் ஒரு திசையில் ஓட, இரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அதனால் வழி நெடுக, இரத்தத்தில் இருப்பதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சற்றே கூடுதலாக இருந்துகொண்டே இருக்கும். கடைசிவரை உறிஞ்ச முடியும். இரண்டும் ஒரே திசையில் ஓடியிருந்தால் பாதியிலேயே சமமாகி நின்றுபோயிருக்கும்.

விராலுக்கு இந்தத் தவிப்பு இல்லை. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. செவுளுக்கு மேலே இரத்தக் குழாய்கள் நிறைந்த அறை அதற்கு இருக்கிறது. துள்ளி வெளியே விழாமலிருக்கத் தொட்டிக்கு வலை கட்டியபோது அப்புச்சி சொன்னார்: "வலை தண்ணீரைத் தொடாமல் கட்டு கண்ணு, காற்றெடுக்க வழியில்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே செத்துவிடும்." முழு உண்மை. ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன்.

தொட்டிக்கு வெளியே சோளத்தட்டில் உட்கார்ந்த வெட்டுக்கிளியையும் பார்த்தேன். வயிறு சுருங்கி விரிகிறது; மூக்கு கிடையாது. விலாவோரத் துளைகள் வழியாகக் காற்று நுண்குழாய்களில் நேரே திசுக்களுக்குப் போய்விடுகிறது, இரத்தம் சுமக்கத் தேவையில்லை. வரப்புத் தவளைக்கோ விலா எலும்புக் கூடும் உதரவிதானமும் இல்லை. தொண்டையால் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அந்தத் தொண்டைத் துடிப்பு முழுவதும் நுரையீரலுக்குப் போவதல்ல, பாதி வாய்க்குள்ளேயே வந்துபோகும் காற்று. ஆகவே தவளைக் கணக்கை நோட்டில் சேர்க்கவில்லை.

இப்போது மனம் முழுவதும் விடியற்காலை மேல் இருக்கிறது. பாசி பிடித்த ஜிலேபித் தொட்டியில், இருட்டு பிரியும் முன் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து நின்றன. தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் பாசி, இரவெல்லாம் மீனோடு சேர்ந்து அதைச் செலவழிக்கிறது. விடியும்போது கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. பாசியில் பெரும்பகுதியை வழித்தெடுத்துவிட்டு, தொட்டிமேல் பாதிக்குத் தென்னங்கீற்று போட்டிருக்கிறேன். விடியலிலும் பிற்பகலிலும் எண்ணி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப் போகிறேன்.