நடந்து போகக்கூடிய தீவு

சுவிட்சர்லாந்தின் எர்லாக் ஊரில் இறங்கி ஏரிக்கரைப் பக்கம் திரும்பினால் நாணலுக்கு நடுவே ஒரு பாதை தொடங்குகிறது. ஹைடன்வேக் என்று பெயர். கார் போகக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தால் பீல் ஏரியின் சென்ட் பீட்டர் தீவு வந்துவிடும்.

முதல் தடவை போனபோது பாதி வழியில் நின்றுவிட்டேன். நாணல் விலகிய ஓர் இடத்தில் தண்ணீர் தெரிந்தது. மற்றப் பக்கம் திரும்பினேன், அங்கேயும் தண்ணீர். எங்கள் யாழ்ப்பாணத்தில் வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு வாணர் தாம்போதியால் பஸ்ஸில் போகும்போது இப்படித்தான் இருக்கும். மணம்தான் வேறு. அங்கே உப்பும் சேறும் மணக்கும், இங்கே ஈரப்புல் மணந்தது.

எங்கள் தாம்போதி கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டிக் கட்டியது. இந்தப் பாதையை அப்படி யாரும் கட்டவில்லை. ஏரிதான் கீழே இறங்கியது. முதியோர் இல்லத்தில் நான் பராமரித்த ஒரு அம்மாதான் இதை எனக்கு முதலில் சொன்னவர். ஏரிக்கரையில் உள்ள லிகெர்ட்ஸ் ஊர்க்காரி. அவருடைய பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் தீவுக்குப் போக வள்ளம் வேண்டுமாம். அவரைக் குளிக்க வார்த்து, தலை துவட்டும்போது கேட்ட கதை இது. எனக்கு அப்போது ஜெர்மன் அரைகுறை. தண்ணீர் இறங்கியது என்று அவர் கையைத் தாழ்த்திக் காட்டியது மட்டும் நன்றாக விளங்கியது.

பிறகு தேடி அறிந்தேன். 19ஆம் நூற்றாண்டுவரை ஆரே ஆறு அடிக்கடி பெருகி இந்தச் சமவெளியை மூழ்கடித்திருக்கிறது. விளைச்சல் அழியும், சதுப்பில் காய்ச்சல் பரவும். நீடாவ் ஊர் மருத்துவர் யோகான் ருடோல்ஃப் ஷ்னைடர் இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று பல வருடம் வாதாடினார். ரிச்சர்ட் லா நிக்கா என்ற பொறியியலாளர் திட்டம் வரைந்தார். 1868இல் வேலை தொடங்கியது. 1878இல் ஹாக்னெக் கால்வாய் வழியாக ஆரே பீல் ஏரிக்குள் திருப்பப்பட்டது. வெளியேறும் வழியையும் அகலமாக வெட்டியதால் ஏரி சுமார் 2 மீட்டர் இறங்கியது. தண்ணீருக்கடியில் கிடந்த திட்டு மேலே வந்தது, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சதுப்பு நிலத்தில்தான் இன்று கரட், லீக்ஸ், கோவா எல்லாம் விளைகின்றன. நாங்கள் கடையில் வாங்கும் மரக்கறியில் எவ்வளவோ அந்த மண்ணிலிருந்து வருவது.

தீவில் 12ஆம் நூற்றாண்டில் குளூனி துறவிகள் கட்டிய மடம் இருக்கிறது. இப்போது அது விடுதி. அதற்குள் ஒரு அறையைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். 1765 செப்டம்பரில், மோத்தியே என்ற ஊரில் தன் வீட்டுக்குக் கல் எறிந்தார்கள் என்று ஓடிவந்த தத்துவஞானி ரூசோ தங்கிய அறை. தரையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு சிறு கதவு. பார்க்க வருபவர்களிடமிருந்து தப்பி அதன் வழியே கீழே இறங்கிப் போய்விடுவாராம். அந்தக் கதவுக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன்.

நான் 1991இல் இந்த நாட்டுக்கு வந்தவள். விசா முடிவு வரும்வரை பல வருடம் சூட்கேசை முழுதாகப் பிரிக்கவேயில்லை. ரூசோவும் புத்தகப் பெட்டிகளைத் திறக்கவில்லையாம். ஆனால் தீவின் செடிகளில் ஒன்றைக்கூட விடாமல் எழுதிவைக்க நினைத்தார். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு தினமும் காலையில் புறப்பட்டுவிடுவார். பக்கத்துக் குட்டித் தீவில் முயல்களைக் கொண்டுபோய் விட்டார். அந்தக் குட்டித் தீவும் இப்போது கரையோடு சேர்ந்துவிட்டது. ஆறு கிழமைக்குள் பேர்ண் அரசு வெளியேறச் சொன்னது. வேண்டுமானால் என்னை இங்கேயே கைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கேட்டார். விடவில்லை. ஒக்டோபர் 25இல் போய்விட்டார்.

இருக்க விடுவார்களா என்று தெரியாத இடத்தில் செடியின் பெயரைக் கேட்க எனக்கு அப்போது மனமே வரவில்லை. பூவரசும் ஆவரசும் தெரிந்த எனக்கு, வாசலில் நின்ற மரத்தின் பெயர் பத்து வருடம் தெரியாது. அந்த மனிதர் நாளை துரத்தப்படலாம் என்ற நிலையிலும் குனிந்து புல்லைப் பார்த்தார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதன் பிறகு ஒரு கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு வசந்தத்திலும் மகளோடு அந்தப் பாதையில் நடப்பேன். அவள் ஜெர்மனில் பெயர் சொல்வாள், நான் தமிழ் எழுத்தில் எழுதுவேன். போன வைகாசியில் நாணல் ஓரமாகக் கொண்டை முக்குளிப்பான் ஒன்று போனது. முதுகுச் சிறகுக்குள்ளிருந்து வரிவரியான ஒரு குட்டித் தலை வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. தாய் சட்டென்று திரும்பி, அலகில் இருந்த ஒரு சின்ன இறகைக் குஞ்சுக்கு ஊட்டியது. இறகா என்று மகளைக் கேட்டேன். மீன் முள் வயிற்றைக் குத்தாமல் இருக்கத்தானம்மா என்றாள்.

தெற்குச் சரிவில் முந்திரிகைக் கொடிகள், மேட்டில் பழைய ஓக் மரங்கள். இந்த மரம் இப்போது எனக்குத் தெரியும், ஜெர்மனில் ஐஷே. திரும்பும்போது நடக்காமல் கப்பலில் பீல் நகருக்கு வந்துவிடுவோம், முழங்கால் விடாது.

அன்று இரவு ஊருக்கு அம்மாவுக்குப் போன் எடுத்து, எங்கள் தீவு மாதிரியே ஒரு தீவுக்குப் போய் வந்தோம் என்று சொன்னேன். புங்குடுதீவில் குடிதண்ணீர் பவுசரில்தான் வந்துகொண்டிருந்தது. அம்மா முதலில் கேட்டது: "அங்க நல்ல தண்ணி இருக்கோ பிள்ளை?"

"சுத்திவர நல்ல தண்ணிதானம்மா."

நம்பவில்லை. "வாயில விட்டுப் பாத்தனியோ?" என்று திரும்பவும் கேட்டார்.