எச்சில் ஊசிக்கு இன்சூரன்ஸ் வாங்கிய கதை

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் இருப்பது எங்களுக்குத் தெரியும். வாயோரம் எச்சில் வடிவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

பல் டாக்டர் பல்செட்டைச் சரிபார்த்து அனுப்பிவிட்டார். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனதில்தான் வினை. "எச்சில் அதிகமா சுரக்குது" என்று உட்காருவதற்குள் மாத்திரை எழுதிவிட்டார். புராஸ்டேட் தொந்தரவு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் மலச்சிக்கல், அப்புறம் சிறுநீர் அடைத்துக்கொண்டு, நடுராத்திரியில் டியூப் போட ஓடினோம். எச்சிலை வற்றவைக்கும் மாத்திரை எழுதினால், புராஸ்டேட், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், ஞாபகமறதி இதில் எது இருந்தாலும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நரம்பியல் டாக்டர்தான் விளக்கினார். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் எல்லோருக்கும் ஊறுகிறது, நினைக்காமலே விழுங்கிவிடுகிறோம். பார்க்கின்சனில் அந்த விழுங்கல் குறைந்துபோகிறது, தலையும் முன்னால் குனிந்துவிடுகிறது. பெரும்பாலும் சுரப்பு கூடுவதில்லை, உள்ளே போக வேண்டியது வெளியே வருகிறது, அவ்வளவுதான். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். மனநோய்க்குத் தரும் குளோசபின் மாதிரி மருந்துகளும் எச்சில் ஒழுகவைக்குமாம். போகும்போது அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள், அதுதான் அவர் முதலில் கேட்டது. திடீரென்று ஒரு பக்கம் வாய் கோணி எச்சில் வடிந்தால் மட்டும் கிளினிக் தேடி அலையக் கூடாது. பக்கவாதமாக இருக்கலாம், நேரே அவசரப் பிரிவுதான்.

பேசுவதற்கு முன் ஒருமுறை விழுங்கச் சொல்லிப் பழக்கினோம், கொஞ்சம் பலன் இருந்தது. அப்புறம் எச்சில் ஊறுவதைக் குறைக்க, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் போடாக்ஸ் ஊசி போடலாம் என்றார் நரம்பியல் டாக்டர்.

ஊசியைவிட இன்சூரன்ஸ் கவுண்டர்தான் வலித்தது. "போடாக்ஸா? அது அழகுக்குப் போடுறது சார், கவர் ஆகாது." எழுபத்தைந்து வயது அப்பாவுக்கு அழகுக்கு ஊசியா என்று கேட்டேன். "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "போடாக்ஸ் இன்ஜெக்ஷன்" என்று மட்டும் இருந்ததுதான் காரணம். எதற்கு என்பதே இல்லை. டாக்டரிடம் திரும்பிப் போய், பார்க்கின்சனால் வந்த எச்சில் ஒழுக்கு, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இந்த ஊசி என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். டியூப் போட்ட ராத்திரியின் சீட்டையும் சேர்த்து மேல்முறையீடு செய்தேன். பணம் வந்தது. முழுசாக இல்லை, ஆனால் வந்தது!

ஊசியின் பலன் மூன்று மாதம்போல நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். அடுத்த தடவைக்கும் அதே கடிதம் கேட்பார்கள் என்று கவுண்டரிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரிஜினலைக் கொடுப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.