ஹெலன் சுற்றிப் போன பாதை

"மேடம், டாம் ராபின்சனின் மனைவி பெயர் என்ன?"

முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பு, மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. கேள்வி கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை நான் பதினோராவது ஆண்டாக நடத்திக்கொண்டிருந்தேன். வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச் நீதிமன்றத்தில் பேசும் பேச்சு எனக்குப் பத்தி பத்தியாக மனப்பாடம். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. புத்தகத்தைப் புரட்டித் தேடித்தான் சொன்னேன்: ஹெலன்.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து என் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். 'நாவலில் இன ஏற்றத்தாழ்வு' என்ற தலைப்பின் கீழ் ஆட்டிகஸின் அறம், ஆட்டிகஸின் துணிவு, ஆட்டிகஸ் பிள்ளைகளை வளர்த்த விதம் என்று மூன்று பக்கங்கள் இருந்தன. பிறகு, 1931இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது இரண்டு வெள்ளைப் பெண்கள் பொய்யாகச் சுமத்திய ஸ்காட்ஸ்பரோ வழக்கு பற்றி ஒரு பத்தி. டாமுக்கு நான்கு வரி. ஹெலனுக்கு ஒன்றுமில்லை. விடைத்தாள் திருத்தும் இடத்தில் ஆண்டுதோறும் நான் பார்த்த கட்டுரைகளும் இதே அளவில்தான் இருந்தன. மாணவர்கள் கைடைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் எழுதியது நான் நடத்திய பாடம்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1960இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நாவல். 1930களின் அலபாமாவில் மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூர். மேயெல்லா யூவெல் என்ற வெள்ளைப் பெண், டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி தன்னைக் கெடுத்துவிட்டதாகக் குற்றம் சாட்டுகிறாள். அவனுக்காக வாதாடுபவர் ஆட்டிகஸ். பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி டாமின் இடது கை சிறுவயதிலேயே செயலிழந்தது. அவன் அதைச் செய்திருக்க முடியாது என்பது ஊருக்கே தெரிந்தாலும் வெள்ளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி அவனைக் குற்றவாளி என்கிறது. சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுடப்பட்டுச் சாகிறான். உடலில் 17 குண்டுகள்.

ஹெலனைத் தேடிக்கொண்டு நாவலை மறுபடி முதலிலிருந்து படித்தேன். டாம் கைதானதும் அவளுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் பாதிரியார் கதவைச் சாத்திவிட்டு, பத்து டாலர் சேரும்வரை ஒருவரையும் வெளியே விடாமல் அவளுக்காகக் காணிக்கை திரட்டுகிறார். டாம் இறந்த பிறகு, அவனுடைய பழைய முதலாளி லிங்க் டீஸ் தனக்குத் தேவையில்லாவிட்டாலும் ஒரு வேலையை உண்டாக்கி அவளுக்குக் கொடுக்கிறார். அவள் நேர்வழியில் வேலைக்கு வருவதில்லை. முதல் நாள் பொதுச் சாலையில் யூவெல் வீட்டைத் தாண்டியபோது அவள் மீது கண்டதை எறிந்தார்கள். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் சுற்றி நடக்கிறாள். தினமும் தவறான திசையிலிருந்து ஏன் வருகிறாள் என்று முதலாளி துருவிக் கேட்கும்வரை அவள் அதைச் சொல்லவில்லை. கேட்ட பிறகும் "விட்டுவிடுங்கள் ஐயா" என்று கெஞ்சுகிறாள்.

ஊர்க் குப்பைமேட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பினக் குடும்பம் எப்போதோ விட்டுப்போன குடிசையில்தான் யூவெல் குடும்பம் வாழ்கிறது. அரசு தரும் உதவித்தொகையைத் தகப்பன் குடித்தே தீர்க்கிறான். வெள்ளையரில் அவர்களுக்குக் கீழே யாருமில்லை; மதிக்கவும் ஆளில்லை. ஆனால் சாலை அவர்களுடையது. வர்க்கத்தையும் இனத்தையும் தனித்தனித் தலைப்புகளாக நடத்தி வந்த எனக்கு, ஹெலன் நடந்த அந்த ஒரு மைல் இரண்டையும் சேர்த்துக் காட்டியது.

அடுத்த வகுப்பில் அந்தப் பக்கத்தை வாசித்தேன். வாசித்து முடித்ததும், கேள்வி கேட்ட அதே மாணவி, "எங்கள் ஊரிலும் பாட்டி காலத்தில் அப்படிச் சுற்றிப் போகும் வழி ஒன்று இருந்தது, மேடம்" என்றாள். வகுப்பில் யாரும் பேசவில்லை. நானும் அவள் சொன்னதை விளக்கி எதுவும் சேர்க்கவில்லை.

அதன் பிறகு நீதிமன்றக் காட்சியில் ஆட்டிகஸின் உரையைத் தள்ளிவைத்துவிட்டு வேறோர் இடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறேன். கூலி வாங்காமல் மேயெல்லாவுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்கிறார். அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது என்கிறான் டாம். வழக்கறிஞர் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்கிறார்: நீயா அவளுக்காகப் பரிதாபப்பட்டாய்? டாம் தோற்றது அந்த இடத்தில் என்றே நான் நினைக்கிறேன். இரக்கம் மேலிருந்து கீழே மட்டுமே இறங்க வேண்டும் என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். இதைச் சொன்னால் மாணவர்கள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலையும் வேறு விதமாகத்தான் நடத்தியிருக்க வேண்டும். தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை, நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று சிறுவன் ஹக் கிழித்தெறியும் கட்டத்தைக் குரல் தழுதழுக்க வாசித்துவிட்டு, அதுதான் உச்சம் என்று முடித்துக்கொள்வேன். அடுத்த அத்தியாயத்திலேயே அதே ஹக், நீராவிப் படகில் ஏதோ வெடித்ததாக ஒரு பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று ஒரு பெண்மணி பதறுகிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான், அவ்வளவுதான் என்கிறான் ஹக். நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுகிறது என்கிறாள் அவள். கடிதத்தைக் கிழித்த பையன் சொல்வது இது. இந்த இரண்டு வரியை விட்டுவிட்டு அந்த நாவலை நடத்தவே கூடாது என்று இப்போது நம்புகிறேன்.

ஹக் அங்கே சொல்வது 'கறுப்பன்' அல்ல. அதைவிடக் கேவலமான வசைச்சொல். நாவலில் அது இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. பல ஆண்டுகள் அதை விழுங்கிவிட்டு வாசித்தேன். நம் வகுப்பறையில் அது வெறும் அயல்மொழிச் சொல், காதில் சுடுவதில்லை. விழுங்கினால் சூடு இருந்ததே தெரியாமல் போகும். 2011இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. நாவலில் ஹக்கின் குடிகாரத் தகப்பன் ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு சுதந்திர மனிதரை, பேராசிரியரை, அதே சொல்லால்தான் ஏசுகிறான். அவர் யாருக்கும் அடிமையல்ல. இப்போதும் அந்தச் சொல்லை நான் உச்சரிப்பதில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, அதன் வரலாற்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பத்து நிமிடம் கூடுதலாகிறது, ஆகட்டும்.

ஃபின்ச் வீட்டில் சமைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் கறுப்பினப் பெண் கல்பூர்னியாவை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். பழைய சட்ட விளக்க நூல் ஒன்றை வைத்து எழுத்துக் கற்றவள் அவள். வெள்ளையர் வீட்டில் ஒரு பேச்சு, தன் தேவாலயத்தில் வேறு பேச்சு. ஏன் என்று ஆட்டிகஸின் மகளும் கதைசொல்லியுமான சிறுமி ஸ்கௌட் கேட்டால், தேவாலயத்தில் வெள்ளையர் பேச்சைப் பேசினால் பொருந்தாது என்கிறாள். விடுதியில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசும் பிள்ளைகளுக்கு இதற்கு உரை தேவைப்படவில்லை. 2024இல் பெர்சிவல் எவரெட் எழுதிய 'ஜேம்ஸ்', ஹக்கின் கதையை ஜிம்மின் வாயால் சொல்வது. அதில் அடிமைகள் தங்களுக்குள் திருத்தமாகவும் வெள்ளையர் முன்னால் கொச்சையாகவும் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டு அதற்கும் புலிட்சர் கிடைத்தது. பாடத்திட்டத்தில் இல்லை என்றாலும் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன்.

இப்போது ஹார்ப்பர் லீயின் நாவலை நான் நீதிமன்றத்தோடு முடிப்பதில்லை. டாம் இறந்த செய்தியைச் சொல்ல ஆட்டிகஸ் கல்பூர்னியாவை அழைத்துக்கொண்டு ஹெலனின் வீட்டுக்குப் போகும் அத்தியாயத்தில்தான் முடிக்கிறேன். முற்றத்தில் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். உட்காருங்கள் என்று சொல்ல வந்த ஹெலன், அவர்கள் முகத்தைப் பார்த்ததும் ஒரு சொல்லும் கேட்காமல் மண்ணில் சரிகிறாள். இருவரும் தாங்கிப் பிடித்து அவளை உள்ளே கொண்டுபோகிறார்கள். நெடுநேரம் கழித்து ஆட்டிகஸ் மட்டும் தனியாக வெளியே வருகிறார். இதையெல்லாம் காரில் இருந்த சிறுவர்கள் தூரத்திலிருந்து பார்த்து ஸ்கௌட்டிடம் சொன்னதாகத்தான் நாவல் நமக்குத் தருகிறது. கல்பூர்னியா உள்ளேயே இருந்துவிடுகிறாள்.

அந்த வீட்டுக்குள் கல்பூர்னியா ஹெலனிடம் என்ன பேசியிருப்பாள், எந்தப் பேச்சில் பேசியிருப்பாள், ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்று சொல்லிப் புத்தகத்தை மூடுகிறேன்.