முயல் எந்த டப்பாவுக்குப் போகும்?

ஜூன் 4
மகளுக்கு இன்றோடு மூன்றரை வயது. அட்டையை வெட்டிச் சிவப்பு முயல் மூன்று, நீலப் படகு மூன்று வரைந்தேன். (காது இருப்பதால்தான் அது முயல்.) இரண்டு டப்பா. ஒன்றில் நீல முயல் ஒட்டியிருக்கிறது, இன்னொன்றில் சிவப்புப் படகு.

முதலில் நிறம் பார்த்துப் போட வேண்டும். மளமளவென்று போட்டு முடித்தாள். அப்புறம், "இனி நிறம் வேண்டாம், உருவம்தான். முயல் முயலோடு, படகு படகோடு" என்றேன். தலையாட்டிவிட்டு, சிவப்பு முயலைச் சிவப்புப் படகு டப்பாவிலேயே போட்டாள்.

"முயல் எங்கே போகும்?" என்று கேட்டால் விரல் சரியாக நீல முயலைக் காட்டுகிறது. "சரி, போடு" என்றால் கை பழைய டப்பாவுக்கே போகிறது. மூன்று தடவையும் இதே கதை. சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது.

ஜூன் 5
இந்த விளையாட்டு என் கண்டுபிடிப்பு இல்லை. உளவியலாளர் பிலிப் டேவிட் செலாசோவும் அவருடன் இருந்தவர்களும் 1990களில் உருவாக்கிய சோதனை. மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள் முதல் விதியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள்; நான்கு, ஐந்து வயதில் பலரும் மாறிவிடுகிறார்கள். புது விதி தெரியாமல் இல்லை. பழகிய விதியை அடக்கிவைப்பதில் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு, அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

"எத்தனை தடவை சொல்வது?" என்று தினமும் கத்துகிறேனே, அதை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 11
காய்ச்சல். விளையாட்டு இல்லை.

ஜூன் 19
அடெல் டயமண்டும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் எழுதியது ஒன்று படித்தேன். விதி மாறிய பிறகு, சீட்டில் இருப்பது என்ன என்று பெரியவர் சொல்லாமல் குழந்தையையே சொல்ல வைத்தால் மூன்று வயதுக்காரர்கள் பலர் மாறிவிடுகிறார்களாம்.

"இது என்ன?"
"முயல்."

சொன்ன கையோடு நீல முயல் டப்பாவில் போட்டாள்! ஆறில் நான்கு சரி. ஐந்தாவதில் நான் அவசரப்பட்டு "முயல்தானே?" என்று முந்திக்கொண்டேன். கை உடனே சிவப்புக்குப் போய்விட்டது. அதற்கு அதுதான் காரணமா, அலுப்பா, யார் கண்டது.

நவம்பர் 30
இன்னும் நான்கு நாளில் நான்கு வயது. பழைய டப்பாவுக்கு மேலே கை போய் நின்றது. "ஐயோ, உருவம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். ஆறும் சரி.

பிறகு விதியை அவளே மாற்றினாள்: முயல் படகோடு, படகு முயலோடு. என் முறை. முயலை முயலோடு போட்டேன்.

"அம்மா, முயல் எங்கே போகும்?" என்றாள்.