திறக்கலாமா, அம்மிணி?

"இதற்கு எத்தனை விசில்?" என்று கேட்டார் அத்தை.

மாடி அறையில் சூளையை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் அப்போதுதான் போயிருந்தார்கள். பழைய டிரங்குப் பெட்டி அளவு, மேல்பக்கம் திறக்கும் மூடி, உள்ளே வெள்ளைச் செங்கல், செங்கல் பள்ளங்களில் சுருள் சுருளாகக் கம்பி. விசில் கிடையாது, இந்தச் சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடும், 820க்கு மேல் போகும் என்று விளக்கினேன்.

"820 என்றால்? ரூபாயா?"

"டிகிரி, அத்தை."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சோறு வேக நூறு போதும், அம்மிணி."

கோயம்புத்தூரில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மின்சார உலை செய்துதரும் ஒருவரைக் கண்டுபிடிப்பது எளிதாகத்தான் இருந்தது. அவர் மட்டும் என்ன உருக்கப் போகிறீர்கள் என்று மூன்று முறை கேட்டார். கண்ணாடித் தட்டு செய்யப் போகிறேன் என்றேன். "தட்டு கடையிலேயே கிடைக்குமே" என்றார். அந்த வாக்கியத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பெங்களூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்த பித்து இது. கண்ணாடித் துண்டுகளை அடுக்கி வைத்துச் சூளையில் உருக்கி ஒட்டவைக்கும் கலை. குழாயில் ஊதும் வீரமெல்லாம் இதில் கிடையாது. மேசையில் உட்கார்ந்து துணி ஒட்டுவேலை போல அடுக்கினால் போதும், மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொள்ளும். பயிற்சியில் நான் செய்தவை எல்லாம் அழகாக வந்தன. அங்கே சூளையை ஓட்டியவர் ஆசிரியர் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்கென்றே தயாராகும் வண்ணக் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலையைப் பார்த்ததும் ஜன்னல் கண்ணாடியிலேயே கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். தெருமுனையில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருக்கிறது. அங்கிருக்கும் அண்ணன்தான் என் உண்மையான குரு. கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லை என்பதே அவர் சொல்லித்தந்த முதல் பாடம். கீறுகிறோம், பிறகு உடைக்கிறோம், அவ்வளவுதான். கீறும்போது பட்டுத்துணி கிழிவதுபோல் ஒரே சீராகச் சத்தம் வரவேண்டும். "கோடு சரியில்லை என்று மேலேயே இன்னொரு கோடு போட்டால், அது தன் இஷ்டத்துக்கு உடையும் அக்கா." நான் இன்னொரு கோடு போட்டேன். அது தன் இஷ்டத்துக்கு உடைந்தது.

அடுத்தது வெள்ளீயச் சிக்கல். இன்றைய ஜன்னல் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. 1959இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த முறை. அதனால் ஒரு முகத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத வெள்ளீயச் சுவடு ஒட்டியிருக்கும். அந்த முகம் மேலே வந்தால், சுட்ட பிறகு பால் ஆடை படிந்ததுபோல் மங்கிப் போகலாம். புற ஊதா விளக்கில் அந்த முகம் வெண்மையாக ஒளிரும் என்று படித்திருந்தேன். என் கணவர் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்ப்பவர், கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு வீட்டிலேயே இருந்தது. அறையை இருட்டாக்கி ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு முகமும் நல்ல நோட்டாகவே இருந்தன. இதற்குக் குறுகிய அலைநீள விளக்கு வேண்டும், நோட்டு விளக்கு உதவாது என்பது பிறகு தெரிந்தது.

முதல் படைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு மில்லிமீட்டர்க் கண்ணாடியில் மூன்று சதுரங்கள், ஒன்றின் மேல் ஒன்று. சதுரமாக வைத்தேன், ஊத்தப்பமாக வந்தது. முழுதாக உருகிய கண்ணாடி ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் தடிமனுக்கே வரப் பார்க்கும். அதைவிடக் கனமாக வைத்தால் வழிந்து பரவும், மெல்லியதாக வைத்தால் ஓரங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, சூளை மெல்ல ஆறிமுடிக்கும் முன்பே, எண் 180 காட்டும்போது ஆசை தாங்காமல் மூடியைத் தூக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ஊத்தப்பம் பாதியாகப் பிரிந்தது.

இரண்டாவது முயற்சியில்தான் சொந்த மூளையைப் பயன்படுத்தினேன். நாத்தனார் மகளின் வளைகாப்பில் மிஞ்சிய சிவப்பு, பச்சைக் கண்ணாடி வளையல்களை உடைத்து, ஜன்னல் கண்ணாடி மேல் தூவிச் சுட்டேன். மூடி திறந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு அழகு. கூடத்து அலமாரியில் வைத்தேன். பால்காரருக்குக்கூடக் காட்டினேன். மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு கூடத்தில் 'டணார்' என்று ஒரு சத்தம். கணவர் திருடன் என்று நினைத்துக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். தட்டு அலமாரியில் இருந்தபடியே மூன்று துண்டாகிக் கிடந்தது. யாரும் தொடவில்லை.

காரணம் ஜாதகப் பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், கண்ணாடிக்கு முக்கியமாக ஒன்றுதான், சூட்டில் எவ்வளவு விரிகிறது என்பது. கலைக்கண்ணாடிகளில் 90, 96 என்று எண் போட்டே விற்கிறார்கள். ஒரு டிகிரி சூடேறினால் ஒரு கோடியில் தொண்ணூறு பங்கு நீளும், அல்லது தொண்ணூற்றாறு பங்கு நீளும் என்று அர்த்தம். கோடியில் ஆறு பங்கு வித்தியாசம்தானே என்று நமக்குத் தோன்றும். ஆறும்போது ஒன்று கூடச் சுருங்கும், மற்றது குறையச் சுருங்கும், ஒட்டிப்போய்விட்டதால் விலகவும் முடியாது. மனஸ்தாபத்தை உள்ளே வைத்துக்கொண்டு மூன்று நாள் புன்னகையோடு அலமாரியில் நிற்கும், பிறகு ஒரு ராத்திரி வெடிக்கும். என் வளையல்களின் எண் எனக்கும் தெரியாது, வளையல் கடைக்காரருக்கும் தெரியாது.

அத்தை இதைக் கேட்டுக்கொண்டு, "எல்லாம் கண் திருஷ்டி. பால்காரருக்கு ஏன் காட்டினாய்?" என்றார். மறுநாள் சூளையின் கைப்பிடியில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. சூடேறினால் கருகும் என்று சொல்லிக் கதவு நிலைக்கு மாற்றினேன்.

துவண்டுபோயிருந்த அந்த வாரத்தில் எனக்கு ஆறுதல் தந்தவர் ஹார்வி லிட்டில்டன். 1962இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியக வளாகத்துக் கொட்டகையில், தனி ஆள் சின்ன உலை வைத்துக் கண்ணாடி ஊத முடியுமா என்று பயிலரங்கு நடத்தியவர். முதலில் உருக்கிய கண்ணாடி ஊதவே வரவில்லையாம். கண்ணாடி இழை செய்வதற்கான கோலிக்குண்டுகளை உருக்கிப் பார்க்கலாம் என்று கண்ணாடி ஆராய்ச்சியாளர் டொமினிக் லபினோ சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. அருங்காட்சியகத்துக்கே கோலிக்குண்டு தேவைப்பட்டது என்றால் நான் எம்மாத்திரம்?

தட்டைக் கிண்ணமாக வளைக்க மண் அச்சு வேண்டும். அடியில் காற்றுப் போகச் சிறு துளைகள் அவசியம். அத்தையின் பழைய மண்சட்டியில் இரண்டு துளை போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். அன்றிரவு அத்தை அதில் தயிருக்குப் பால் ஊற்றி வைத்தார். இதைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்கு அனுமதி இல்லை.

மின்சாரத்துக்கு வருகிறேன். ஒருமுறை சுட்டால் பன்னிரண்டு யூனிட் ஓடுகிறது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், மாதம் நான்கு முறைக்கு மேல் சுடக்கூடாது என்று கணவர் எல்லை போட்டிருக்கிறார். ஒருநாள் காலை ஐந்து மணிக்கே சூளையைத் தொடங்கிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. செய்தித்தாளில் போட்டிருந்தார்களாம், நான் பார்க்கவில்லை. 640 காட்டிக்கொண்டிருந்த எண்கள் பொசுக்கென்று மறைந்தன. அத்தை எட்டிப் பார்த்து, "மலையேறிவிட்டதா?" என்று மெதுவாகக் கேட்டார். விளக்கு அணைந்தது என்று அவர் வாயால் சொல்லமாட்டார், சூளைக்கும் அதே மரியாதை. மூடியைத் தொடாமல் விட்டதால் செங்கல் சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல ஆறவிட்டது. மறுநாள் திரும்பவும் சுட்டேன். அந்தத் துண்டு இன்றும் உடையாமல் இருக்கிறது. நான் திட்டமிட்டு ஆறவைத்த சில துண்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் அத்தையின் கேள்வி ஒன்றுதான்: "திறக்கலாமா, அம்மிணி?" 500இல் கேட்பார், 300இல் கேட்பார், குளித்துவிட்டு வந்து கேட்பார்.

போன மாதம் ஒரு சங்கதி கற்றுக்கொண்டேன். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஆப்ப சோடாவைக் கோடாகத் தூவிச் சுட்டால், சோடா வாயுவை விடும், அது வெளியேற வழியில்லாமல் குமிழிகளாக உறைந்துவிடும். நான் தூவிய கோடு கோணல்மாணலாகப் போனது. பக்கத்தில் நின்ற அத்தை பொறுக்கமாட்டாமல், "தள்ளு" என்றார். எழுபத்தாறு வயது விரல்கள். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை, சிக்குக் கோலம். கண்ணாடி மேல் ஒரே இழையாக, கை எடுக்காமல் போட்டு முடித்தார். மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து மூடினேன்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அத்தை சூளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண் 112. கணவர் படியேறி வந்து, "திறந்து பார்க்கலாமா அம்மா?" என்றார்.

"சும்மா இரு. ஐம்பதுக்குக் கீழே வரட்டும்."

வந்தது. திறந்தோம். கண்ணாடிக்குள் கோலம் முழுதாக இருந்தது, ஊசிமுனைக் குமிழிகள் கோத்த இழை. ஒரு வளைவில் மட்டும் சுண்டைக்காய் அளவில் குமிழி பெருத்திருந்தது. "இங்கே சோடா கூடிவிட்டது" என்றார், ஆப்பத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அம்மிணி, இதை எப்படி அழிப்பது?"

"அழிக்க முடியாது அத்தை. இனி எப்போதும் இப்படியேதான் இருக்கும்."

"அழிக்காவிட்டால் நாளைக்கு எங்கே போடுவது?"

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் அவரே முடிவுக்கு வந்துவிட்டார். "சரி, நாளைக்கு வேறு கண்ணாடி வாங்கி வை. மார்கழி வேறு வருகிறது, அதற்கு முப்பது வேண்டும்."

கணவர் எதுவும் பேசவில்லை. போன மாத மின்கட்டண ரசீதைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் முப்பதைப் பன்னிரண்டால் பெருக்க ஆரம்பித்தார்.